மாமியின் முறைக்குப் பிறகு கறுத்த பிளக்

அன்று காலை அப்பா மெசினின் கயிற்றைப் பதினொரு தரம் இழுத்தார். கிணற்றுக் கட்டில் இருந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது இழுப்பில் மெசின் ஒருமுறை செருமிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது.

"உதுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்று சொல்லி அப்பா கயிற்றைக் கைவிட்டார்.

அது தண்ணீர் இறைக்கும் சின்னப் பெற்றோல் மெசின். மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் நடுவே, கறண்ட் கம்பி வந்து சேராத செம்மண் தோட்டத்தில் எங்கள் கிணறு இருக்கிறது. கிணறு இரண்டு வீட்டுக்குச் சொந்தம். பாதி எங்களுக்கு, பாதி மாமிக்கு. மாமி எங்களுக்கு உறவில்லை. பக்கத்துத் தோட்டக்காரி என்பதால் மாமி. கணவர் இல்லை. ஒரே மகள் கலியாணம் கட்டி வவுனியாவில் இருக்கிறார். கிணற்றைப் போல மெசினும் பங்குதான், இரண்டு வீடும் சேர்ந்து வாங்கியது. கிணற்றடியில் விட்டால் களவு போய்விடும் என்பதால், கிட்ட இருக்கிற மாமி வீட்டுக் கோடியில், பின்பக்கத் தாழ்வாரத்தில், வைத்திருந்தோம். நாலு நாளுக்கொரு இறைப்பு. முதல்நாள் மாமியின் முறை, அடுத்தநாள் எங்கள் முறை. அவரவர் பெற்றோலை அவரவர் போத்திலில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

வெங்காயம் குமிழ் வைக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு இறைப்புத் தவறினால் குமிழ் பருக்காது. அதனால்தான் அப்பா கயிற்றோடு மல்லுக்கட்டினார். அதனால்தான் நானும் கராஜுக்குப் போகிற உடுப்போடு இறங்கிப்போய், இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பிளக்கைக் கழற்றினேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைக் கண்டவன் நான் ஒருவன்தான். அப்பா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அவ்வளவுதான். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இஞ்சின் படித்துச் சான்றிதழ் எடுத்து, மருதனார்மடத்தில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். பிளக்கைப் பார்த்து இஞ்சினின் உள்வியாதியைச் சொல்வது அங்கே எனக்குப் பிடித்த வேலை. பிளக்கின் நுனியில் வெள்ளைப் பீங்கான் ஒன்று இருக்கும். நெருப்பு எரிகிற இடத்திலேயே அது இருப்பதால் எரிந்தது எப்படி என்று அதில் எழுதியிருக்கும். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் இஞ்சின் சுகம். சாம்பல் போல வெளுத்திருந்தால் சூடு கூடிவிட்டது. எண்ணெய்ப் பசையோடு பளபளத்தால் உள்ளே தேய்ந்துபோய் ஒயில் ஏறுகிறது. விரலில் ஒட்டும் காய்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை.

அன்று நான் கழற்றிய பிளக் அடுப்புச் சட்டியின் அடிப்பாகம் போல இருந்தது. விரலை வைத்தேன். விரல் கறுத்தது. பிளக்கைத் துடைத்துப் போட்டதும் இரண்டாவது இழுப்பில் மெசின் பிடித்துக்கொண்டது. அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாத்திக்கு ஓடினார்.

எங்கள் வீட்டு இறைப்பு இப்படித்தான். அப்பா தண்ணீர் மாறுவார், அதாவது ஒரு பாத்தி நிரம்பியதும் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரை விடுவார். நான் மெசினடியில் நிற்பேன். கடைசிப் பாத்தி நிரம்பும்போது அப்பா அங்கிருந்து "நிப்பாட்டு!" என்று கத்துவார். நான் நிறுத்துவேன். அன்று நிறுத்திய பிறகு சும்மா ஒரு நினைப்பில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அச்சொட்டாய்ப் பால்தேத்தண்ணி நிறம்.

சந்தேகம் அந்த இடத்தில்தான் பிறந்தது. எங்கள் முறைக்குப் பிறகு பால்தேத்தண்ணி மண்ணிறம். மாமியின் முறைக்குப் பிறகு கறுப்பு. மெசின் ஒன்று, காபரேற்றர் ஒன்று, கிணறு ஒன்று. மாறுவது என்ன? ஊற்றுகிற பெற்றோல் மட்டும்தான். அப்படியென்றால் மாமி பெற்றோலில் மண்ணெண்ணெய் கலக்கிறார்.

அவசரப்பட்டு முடிவெடுத்ததாக யாரும் சொல்லிவிடக்கூடாது என்று நான் கவனமாக இருந்தேன். அடுத்த முறைக்குப் புதுப் பிளக் போட்டேன். மாமி இறைத்த பிறகு போய்க் கழற்றினேன். கறுப்பு. அதை நெருப்புப்பெட்டியில் வைத்து, மேலே திகதியை எழுதினேன். இன்னொரு புதுப் பிளக் போட்டு நாங்கள் இறைத்தோம். மண்ணிறம். அதையும் பெட்டியில் வைத்தேன். மூன்று தடவை இப்படிச் செய்தேன். மூன்று தடவையும் பிசகவில்லை.

பிறகு மாமி செய்வதெல்லாம் எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. அவருடைய பெற்றோல் போத்தில் முன்பு விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கிய போத்தில். மெசினை அவர் ஒருமுறை ஸ்ராட் பண்ணினால் இறைப்பு முடியும்வரை நிறுத்தமாட்டார். ஏன்? நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான். இறைப்பு முடிந்து நான் கிட்டப் போனால், "தொடாதையும் தம்பி, சுடும்," என்பார். நான் கராஜில் வேலை செய்கிறவன், எனக்குச் சூடு தெரியாதா? எதற்காக என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்?

தாளில் ஒரு துளி விட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பெற்றோல் என்றால் ஆவியாகி அடையாளமே இருக்காது, மண்ணெண்ணெய் என்றால் எண்ணெய் வட்டம் நிற்கும். கல்லூரியில் முதல் கிழமையே படித்தது. நான் அதைச் செய்யவில்லை. மாமியிடம் போத்திலைக் கேட்டால் உசாராகிவிடுவார் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்குத் தேவையானது கையில் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் பார்க்க மனம் இல்லை.

அப்பாவிடம் நெருப்புப்பெட்டிகளை நீட்டினேன். அவர் வெளிச்சத்துக்குப் போய், ஒரு கையில் கறுப்பையும் மறுகையில் மண்ணிறத்தையும் வைத்துப் பார்த்தார்.

"இது நீ படிச்சதிலை இருக்கே?"

"ஓம் அப்பா. புத்தகத்திலை படம் போட்டே இருக்கு."

"அவ அப்பிடிச் செய்யிற ஆள் இல்லையடா."

"நான் ஆளைச் சொல்லேல்லை. பிளக்கைத்தான் சொல்லுறன்."

அப்பா இரண்டு பிளக்கையும் பெட்டிகளில் வைத்து மூடினார். பிறகு, "அப்ப சரி," என்றார். மாமியோடு எத்தனையோ வருடம் ஒரே கிணற்றில் இறைத்தவர் அவர். என்னோடு வாதாடுவார் என்றுதான் நினைத்தேன். நான் படித்தவன் என்பதால் அவர் வாதாடவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தநாள் கிணற்றடியில் வைத்து அப்பாவே பேச்சைத் தொடங்கினார்.

"தங்கச்சி, மெசினை இனி எங்கடை வீட்டிலை வைப்பம்."

"ஏன் அண்ணை, எங்கடை கோடி ஒழுகுதே?"

"இல்லை... பிளக் கறுக்குது."

"பிளக் கறுத்தால் நான் என்ன, பவுடர் பூசிறதே?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் முன்னே வந்தேன். "மாமி, மண்ணெண்ணெய் கலந்தால் இப்பிடிக் கறுக்கும்."

"ஆர் கலந்தது?"

இப்போது நான் அப்பாவைப் பார்த்தேன்.

"வாயைத் திறந்து சொல்லுமன் தம்பி. ஆர் கலந்தது?"

"உங்கடை முறைக்குப் பிறகுதான் கறுக்குது."

மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "சண்டைக் காலத்திலை பெற்றோல் இல்லாமல் இந்த ஊரே மண்ணெண்ணெயிலைதான் இறைச்சது. இந்தா நிக்கிற உம்மடை கொப்பரும்தான். ரண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய். அண்டைக்கு ஒருத்தரும் பிளக்கைக் கழட்டிப் பாக்கேல்லை. சந்தேகமெண்டால் இந்தா, பெற்றோல் ராங்கைத் திறந்து மணந்து பாரும்!"

"அதுக்குள்ளை இப்ப இருக்கிறது நாங்கள் விட்டது," என்றார் அப்பா, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஓ, அப்பிடியே." மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ரை வெங்காயத்தைக் காய விடேலாது அண்ணை. என்ரை முறைக்குக் காவலுக்கு ஆளை விடுங்கோ. வரேக்கை குடை கொண்டு வரச்சொல்லுங்கோ. படிச்ச பிள்ளை, வெயிலிலை கறுத்துப்போம். பிறகு அதுக்கும் மண்ணெண்ணெய் எண்டுவியள்."

மெசின் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த மாமியின் முறைக்கு நான் கராஜில் அரைநாள் லீவு கேட்டுக் காவலுக்குப் போனேன். மாமி போத்திலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இந்தமுறை நான் தாளில் துளி விட்டேன். பெற்றோல் பறந்துபோய்த் தாள் சுத்தமாக இருந்தது. சோதனை என்று சொன்ன நாளில் யார்தான் கலப்புப் பெற்றோல் கொண்டுவருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மெசினடியில் நின்றேன். மாமி தண்ணீர் மாறினார். கடைசிப் பாத்தியில் நின்று, "தம்பி, நிப்பாட்டும்!" என்று கத்தினார். நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றினேன். மண்ணிறம். வேறென்ன சாட்சி வேண்டும்? காவல் இல்லாதபோது கறுப்பு, காவல் நின்றால் சுத்தம்.

மாமி கால்களைக் கழுவிக்கொண்டு வந்தார். "நல்ல உதவி தம்பி. இண்டைக்குத்தான் கால் கொஞ்சம் ஆறினது. ஒவ்வொரு முறையும் வந்து நில்லுமன்."

என்னைக் குளிரப்பண்ணப் பார்க்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். பிளக்கை அவர் முன்னால் நீட்டினேன். "பாத்தியளே மாமி? நான் நிண்டால் கறுக்கேல்லை."

அவர் பிளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப என்னைக் கள்ளி எண்டு முடிச்சிட்டீர்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நீர் சொல்லேல்லை. பிளக் சொல்லுது." போத்திலில் மிஞ்சியிருந்த பெற்றோலை மூடிக்கொண்டு எழுந்தார். "மெசினை நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு வேண்டாம்."

சும்மா கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருடைய அடுத்த முறை வந்தது. மாமி மெசின் கேட்டு வரவில்லை. கராஜுக்குப் போகிற வழியில் பார்த்தேன், கிணற்றில் வாளி போட்டு இழுத்து, இரண்டு கையிலும் காவிக்கொண்டுபோய்ப் பாத்திக்குப் பாத்தி ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று மாலை திரும்பி வரும்போதும் அதே வாளி, அதே நடை. கிணற்றுக்குக் கிட்ட உள்ள பாத்திகள் மட்டும் நனைந்திருந்தன. தூரத்தில் இருந்த பாதித் தோட்டத்துக்குத் தண்ணீர் போகவில்லை. அங்கே வெங்காயத் தாள்களின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. குற்றம் செய்த ஆள் இப்படித்தான் வீம்பு காட்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ஆனால் அப்பா அன்று இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்தநாள் எங்கள் முறை. அம்மாவுக்கு மானிப்பாயில் கிளினிக். அப்பா கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. "தனிய இறைப்பியே?" என்று கேட்டார். இதென்ன பெரிய வேலை என்று சொன்னேன். பெற்றோல் நிரப்பும் செற்றுக்கு நானே போய் அடித்துவந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அதையும் தாளில் விட்டுப் பார்த்தேன். சுத்தம். பிளக்கும் நேற்றுத்தான் துடைத்துப் போட்டது. முதல் இழுப்பிலேயே மெசின் பிடித்தது.

முதல் பத்துப் பாத்தி வரை சிக்கல் இல்லை. மெசின் தன்பாட்டில் ஓடியது, நான் தண்ணீர் மாறினேன். தூரத்துப் பாத்திகளுக்குப் போன பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. எங்கள் கடைசிப் பாத்திகளுக்கு அப்பால் இன்னொருவருடைய புகையிலை நிற்கிறது. தண்ணீர் வரம்பை உடைத்து அங்கே போனால் ஊர் கூடிவிடும். பாத்தி நிரம்பும் நேரம் பார்த்து மெசினை நிறுத்தவேண்டும். ஆனால் மெசின் இருப்பது கிணற்றடியில். கத்தினால் நிறுத்த அங்கே ஒருவரும் இல்லை. ஓடிப்போய் நிறுத்துவதற்கிடையில் வாய்க்காலில் உள்ள தண்ணீரே பாத்தியை உடைத்துவிடும். முன்கூட்டியே நிறுத்தினால் பாத்தி பாதியில் காயும், திரும்பவும் கயிறு இழுக்கவேண்டும்.

ஒருமுறை ஓடிப்போனேன், வந்தேன். வரம்பு உடைகிற நிலையில் இருந்தது. மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தேன். இரண்டாம்முறை ஓடிப்போய், யோசிக்காமலே மெசினின் றேஸைக் குறைத்தேன். தண்ணீர் மெல்ல வரட்டும், நான் போய்ச் சேர நேரம் கிடைக்கும். மெசின் புறுபுறுத்துக்கொண்டு மெதுவாக ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் பூனை போல வந்தது. கடைசி நாலு பாத்தியையும் அப்படியே நிதானமாக நிரப்பினேன். கிட்டத்தட்ட இருபது நிமிடம் எடுத்தது. பிறகு நடந்து வந்து நிறுத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் நடுவில் ஒரு பாத்தி விடுபட்டிருந்தது. கயிற்றை இழுத்தேன். பிடிக்கவில்லை. ஏழெட்டுத் தரம் இழுத்தேன். ஒரு செருமல். அவ்வளவுதான்.

பிளக்கைக் கழற்றினேன். கறுப்பு. காய்ந்த கரி. விரலில் ஒட்டியது.

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். பெற்றோல் நான் அடித்தது. தாளில் பார்த்தது. பிளக் நேற்றுத் துடைத்தது. மெசினைத் தொட்டது நான் மட்டும். மெதுவாக ஓடினால் பிளக்கில் போதிய சூடு ஏறாது, கரி எரிந்துபோகாமல் படியும் என்பதும் நான் படித்ததுதான். பிளக்கில் எழுதியிருப்பது நிறுத்துவதற்கு முன் கடைசியாக ஓடிய கொஞ்ச நேரத்தின் கதை என்பதும் படித்ததுதான். ஆனால் அந்தக் கடைசி நேரத்தில் இறைப்பில் எத்தனை பேர் நின்றார்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேர். மாமி வீட்டில் ஒருவர். நான் காவலுக்கு நின்ற அன்று அங்கேயும் இரண்டு பேர்.

"ஆரைக் காவலுக்கு வைச்சனீர் இண்டைக்கு?"

மாமி வாளியோடு வந்து நின்றார். என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்துவிட்டார்.

"நல்லாக் கறுத்திருக்குது. ஆரின்ரை மண்ணெண்ணெய் அது?"

எழுந்து நின்றேன். "மாமி, நீங்கள் கடைசிப் பாத்திகளுக்கு றேஸைக் குறைச்சே இறைக்கிறனீங்கள்?"

"பின்னை? கடைசிப் பாத்தியிலை இருந்து நான் பறந்தே வாறது?"

"ஏன் அதை அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேட்டது மண்ணெண்ணெயை. றேஸை ஆர் கேட்டது?" வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். "இப்ப என்ன, புதுக் கேசோ? றேஸ் குறைச்சதுக்கும் பிளக்கிலை எழுதியிருக்கோ?"

"இல்லை மாமி. பிழை என்னிலை. இண்டைக்கு நான் தனிய இறைச்சன். எனக்கும் கறுத்துப்போச்சு. நீங்கள் ஒண்டும் கலக்கேல்லை."

அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். வாளி மேலே வந்தது. வலது தோளை ஒருமுறை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். நான் இன்னொரு பொறி வைக்கிறேனா என்று பார்க்கிற பார்வை அது. மூன்று கிழமையாக அதே பார்வையோடுதான் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே அடையாளம் தெரிந்தது.

"கள்ளி எண்டு மெசினைத் தூக்கினது கொப்பர். இல்லையெண்டும் அவரே வந்து சொல்லட்டும்," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அப்பாவிடம் சொன்னேன். கறுத்த பிளக்கைக் காட்டி, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் பிளக்கை வாங்கவில்லை.

"அண்டைக்கும் பிளக்கைத்தான் காட்டினாய்," என்றார். "இண்டைக்கும் பிளக்கைத்தான் காட்டுறாய். நான் எதை நம்பிறது?"

சொல்லிவிட்டு எழுந்தார். மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டி, ஒரு கையால் பிடித்தபடி உருட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். படலையில் நின்று அப்பா, "தங்கச்சி, பொடியன் பிழை விட்டிட்டான். நான் அதைக் கேட்டுக் கதைச்சிட்டன்," என்றார். மாமி, "சரி அண்ணை, உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார். அப்பா உள்ளே போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை.

மாமியின் தூரத்துப் பாத்திகள் பாதிக்கு மேல் தப்பிவிட்டன. மிச்சத்தில் வெங்காயம் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. சந்தைக்குக் கொண்டுபோக முடியாமல் தன் கறிக்கென்று கோர்வை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

இப்போது மாமியின் முறை வந்தால் நான் மெசினடியில் நிற்கவேண்டும். அது அவர் போட்ட சட்டம். "நான் தனியத் தொட்டால் பிறகு கறுப்பு எண்டுவீர். நீரே நில்லும்." கராஜில் இதற்காகவே முறை மாற்றிக் கேட்டிருக்கிறேன். அவர் கடைசிப் பாத்தியில் நின்று கத்தியதும் நிறுத்துகிறேன். அதோடு முடிவதில்லை. அவர் கால் கழுவி, மண்வெட்டியைக் கழுவி, என் முன்னால் வந்து நிற்பார்.

"கழட்டும்."

"தேவையில்லை மாமி. சரியாத்தான் ஓடினது."

"கழட்டிப் பாத்துச் சொல்லும். நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது."

சூட்டோடு துணியைச் சுற்றிக் கழற்றுகிறேன்.

"என்ன நிறம்?"

"மண்ணிறம், மாமி."

அவர் பிளக்கைப் பார்ப்பதில்லை. சொல்லும்போது என் முகத்தை வடிவாகப் பார்த்துவிட்டு, போத்திலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.